நில வரைபடமும் நிலக் கணக்கும்: இடையில் ஒரு கண்ணி

நம் சங்க மலரில் இலக்கியம், கல்வெட்டு, கோயில் வரலாறு என்று அறிஞர் பெருமக்கள் எழுதுவது வழக்கம். அந்த வரிசையில், வடகரப்பதிப் பக்கத்தில் புண்ணாக்கும் தவிடும் விற்கிற ஒருவன் கணினி வரைபடத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் இது கணினிக்காரர்களோடு முடிந்துபோகிற சங்கதி அல்ல. நிலம் வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுகிறது. அதிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று நிலம் வைத்திருக்கிற நம்மவர்களை அதிகமாகவே தொடுகிறது. வரைபட வேலையில் இருக்கும் என் மருமகப்பிள்ளையிடம் கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை, வியாபாரிக்குத் தெரிந்த பாஷையில் சொல்ல முயல்கிறேன்.

விஷயம் இதுதான். கணினியில் வரைந்த நில வரைபடம் ஒன்றைப் புவித்தகவல் அமைப்பு, அதாவது ஜி.ஐ.எஸ். என்கிற முறைக்கு மாற்றுகிறார்கள். அப்படி மாற்றும்போது ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் கணக்குக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துபோகக்கூடும். அது எப்படி அறுகிறது, அறாமல் எப்படிக் காப்பது, நிலத்துக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

எல்லை சொன்ன காலமும் படம் வரைந்த காலமும்

முதலாம் இராசராசன் காலத்தில், 1001-ஆம் ஆண்டு வாக்கில், சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. வேலிக்குக் கீழே மா, காணி, முந்திரி என்று நுணுக்கமாக அளந்தார்கள். ஒரு முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. ஆனால் நிலம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லால்தான் குறித்தார்கள்: கிழக்கே இன்ன வாய்க்கால், தெற்கே இன்னார் நிலம் என்று நான்கெல்லை சொல்வார்கள். சமணப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்த நிலங்களையும் இப்படித்தான் கல்லில் வெட்டினார்கள். பல ஊர்களில் கல்வெட்டு அப்படியே இருக்கிறது. அதில் சொன்ன வாய்க்காலும் மரமும் போய்விட்டன. கணக்கு உண்டு, நிலம் எது என்று காட்ட வழி இல்லை. இன்றைக்கும் பத்திரத்தில் 'செக்குபந்தி' என்று எழுதுகிறோமே, அது அந்த மரபின் தொடர்ச்சிதான்.

சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர் காலத்து சர்வே வந்ததும் நிலைமை மாறியது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படச் சுவடியில், அதாவது எஃப்.எம்.பி.யில், ஒரு படம். கல் நட்ட இடம், கல்லுக்குக் கல் உள்ள தூரம், குத்தளவு எல்லாம் அதில் இருக்கும். நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை என்பது படத்தில் இராது. அது 'ஏ' பதிவேட்டிலும் சிட்டாவிலும் இருக்கும். அடங்கல் சர்வே எண் வாரியாக இருக்கும், சிட்டா பட்டா எண் வாரியாக இருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டுவது எண் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் அளக்கப் பயன்பட்ட சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணி. ஆங்கிலத்தில் கண்ணிக்கு 'லிங்க்' என்றுதான் பெயர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். பழைய புலப்படங்களில் அளவு லிங்க்கில்தான் இருக்கும். இன்றைக்குக் கணினிக்காரர்கள் படத்தையும் கணக்கையும் கோக்கிற எண்ணுக்கும் லிங்க் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'கண்ணி' என்றே சொல்வோம்.

பேரேட்டுப் பக்க எண்

கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அன்றாடம் நடப்பதைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். அதைப் பிறகு பேரேட்டில் அவரவர் கணக்கில் ஏற்றுகிறோம். ஏற்றியதும் குறிப்பேட்டின் ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைப் போட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, "அண்ணே, என் பற்று எவ்வளவு?" என்றால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஓரத்து எண்ணை மட்டும் அழித்துவிட்டால்? குறிப்பேடும் சரியாக இருக்கும், பேரேடும் சரியாக இருக்கும். இரண்டுக்கும் சம்பந்தம் போச்சு.

கணினி வரைபடத்திலும் இப்படித்தான். மைக்ரோஸ்டேஷன் என்ற மென்பொருளில் வரைந்த உருவம் ஒவ்வொன்றோடும் இரண்டு சிறிய எண்களை ஒட்டிவைக்கலாம். எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது ஒன்று. அதற்கு என்டிட்டி எண் என்று பெயர். அந்த அட்டவணையில் எந்த வரி என்று சொல்வது மற்றொன்று, அது எம்எஸ்லிங்க். எந்த என்டிட்டி எண்ணுக்கு எந்த அட்டவணை என்பதை எம்எஸ்கேட்டலாக் என்று ஒரு பொருளடக்க அட்டவணை சொல்லும். படக் கோப்புக்குள் நிலத்துக்காரர் பெயரோ பரப்போ இருக்காது. இந்த இரண்டு எண்கள்தான் இருக்கும். ஆட்டோகேட் மென்பொருளில் வேறு ஏற்பாடு. அங்கே உருவத்தோடு 'எக்ஸ்டேட்டா' என்று கூடுதல் விவரத்தை ஒட்டலாம். முறை வேறானாலும் நோக்கம் ஒன்றே.

ஜி.ஐ.எஸ். முறையில் உருவமும் அதன் விவரமும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும். ஒரு நிலத்தைத் தொட்டால் அதன் சர்வே எண், பரப்பு, வகைப்பாடு எல்லாம் வரும். நூறு நிலங்களில் நஞ்சை எது என்று கேட்டால் பிரித்துக் காட்டும். வெறும் வரைபடத்தால் இது முடியாது. வரைபடத்துக்குக் கோடு கோடுதான்; அது வேலியா, வாய்க்காலா, வழியா என்று அதற்குத் தெரியாது. நிலத்தின் நடுவே 45/2 என்று எழுதியிருப்பதுகூட அதற்கு ஓர் எழுத்துப் படம், அவ்வளவே. அதனால்தான் அரசுகள் வரைபடங்களை ஜி.ஐ.எஸ். முறைக்கு மாற்றுகின்றன. மாற்ற வேண்டியதுதான். மாற்றுகிற வழியில்தான் கண்ணி அறுகிறது.

எங்கே அறுகிறது?

முதலாவது, பொது வரப்பு. இரண்டு நிலங்களுக்கு நடுவில் ஒரே வரப்பு. வரைபடத்தில் அது ஒரே கோடு. அந்தக் கோட்டோடு யாருடைய எண்ணை ஒட்டுவது? இடது பக்கத்தாருடையதா, வலது பக்கத்தாருடையதா? கோட்டில் எண்ணை ஒட்டி வைத்திருந்தால், கோடுகளைச் சேர்த்து நிலமாக மூடும்போது எண் தப்பாகப் போகும், அல்லது போகவே போகாது. இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் நிலத்துக்குள்ளே ஒரு புள்ளி வைத்து, எண்ணை அந்தப் புள்ளியில் ஒட்டுகிறார்கள். நிலத்தை மூடியதும், உள்ளே எந்தப் புள்ளி விழுந்திருக்கிறதோ அதன் எண்ணை நிலம் எடுத்துக்கொள்ளும். இதிலும் எச்சரிக்கை வேண்டும். முட்டுச்சந்து போல வளைந்த நிலமென்றால், கணினி தானாக வைக்கிற மையப்புள்ளி பக்கத்து நிலத்தில் போய் விழலாம்.

இரண்டாவது, உடைப்பதும் ஒட்டுவதும். ஒரு சிக்கலான உருவத்தைத் துண்டு துண்டாக உடைத்தால், எண் எல்லாத் துண்டிலும் ஏறிவிடலாம், அல்லது எதிலுமே ஏறாமல் போகலாம். ஓர் உருவத்தை நகலெடுத்து வேறிடத்தில் வைத்தால், கண்ணியும் நகலாகி ஒரே கணக்கை இரண்டு நிலம் உரிமை கொண்டாடும். இரண்டு உருவங்களை ஒன்றாக்கினால் ஒருவர் எண் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, கணினி தானே போடுகிற வரிசை எண்ணை நம்புவது. ஜி.ஐ.எஸ். மென்பொருள் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கும். பலர் அதையே கண்ணியாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கோப்பைப் புதிதாகச் சேமித்தாலோ, ஓர் உருவத்தை அழித்தாலோ அந்த எண் மாறிவிடலாம். ஆட்டோகேட் உருவங்களுக்கு உள்ள அடையாள எண்ணும் அந்த ஒரு கோப்புக்குள் மட்டுமே செல்லும். வேறு படத்தில் செருகினால் புது எண் வந்துவிடும்.

நான்காவது, ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகை. பெயர்தான் ஒரு கோப்பு; உண்மையில் குறைந்தது மூன்று கோப்புகள். ஒன்றில் உருவம், ஒன்றில் விவர அட்டவணை, ஒன்றில் அடுக்கு. முதல் உருவத்துக்கு முதல் வரி, இரண்டாம் உருவத்துக்கு இரண்டாம் வரி என்று வரிசையை வைத்தே இணைகின்றன. யாராவது விவரக் கோப்பை மட்டும் தனியாகத் திறந்து, பெயர்களை அகரவரிசையில் அடுக்கிச் சேமித்தால் என்ன ஆகும்? ஊரில் ஒவ்வொருவர் நிலமும் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். படத்தைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அந்த அட்டவணையில் தலைப்புப் பெயருக்குப் 10 எழுத்துத்தான் இடம். 'பழைய சர்வே எண்', 'பழைய சர்வே உட்பிரிவு' என்கிற மாதிரி நீளமான ஆங்கிலத் தலைப்புகள் இரண்டும் பாதியில் வெட்டுப்பட்டு ஒன்று போலத் தெரியும்.

ஐந்தாவது, எண்ணின் எழுத்து. 12/3 என்ற உட்பிரிவு எண்ணை எக்செல் மென்பொருளில் உள்ளிட்டால், அது தேதி என்று எண்ணிக்கொண்டு மாற்றிவிடும். 007 என்பது 7 ஆகிவிடும். ஒரு பட்டியலில் 45/2அ என்றும் இன்னொன்றில் ஆங்கில எழுத்தில் 45/2ஏ என்றும் இருந்தால், நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. மேலும் கேரளத்தில் மறு சர்வே நடந்த ஊர்களில் பிளாக் எண் என்று ஒன்று உண்டு. ஒரே சர்வே எண் இரண்டு பிளாக்கில் வரலாம். ஆகவே கிராமம், பிளாக், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் சேர்ந்தால்தான் முழு முகவரி. பாதியை விட்டுவிட்டு வெறும் சர்வே எண்ணால் இணைத்தால், தபால்காரர் தெருப்பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அலைகிற கதைதான்.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே?

கண்ணி அறுந்தால் என்ன, பெயரைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். மற்ற ஊர்களில் ஓரளவு முடியலாம். நம் பக்கத்தில் முடியாது. காரணம் சொல்கிறேன்.

சித்தூர் வட்டாரம் பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. வேலந்தாவளம் தாண்டினால் வரும் கோயம்புத்தூர்ப் பக்கம் சென்னை மாகாணம். இடுக்கியில் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது இந்தக் கணக்குகள் அப்படி அப்படியே புதிய மாநிலங்களுக்கு வந்தன. எருத்தேம்பதி, ஒழலப்பதி, கோழிப்பதி, வடகரப்பதி என்று நம் 'பதி' ஊர்களில் வீட்டில் பேசுவது தமிழ். நிலக் கணக்கு மலையாளத்தில். பத்திரத்துக்கு இங்கே ஆதாரம் என்று பெயர். பெயர் மாற்றத்துக்குப் போக்குவரவு என்று பெயர். பட்டா எண்ணின் இடத்தில் தண்டப்பேர் எண். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து செய்ய இடம் கொடுக்கிறது. ஆனால் பதிவேட்டில் ஏறிய பெயர் ஏறியதுதான்.

பழனிச்சாமி என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பத்திரத்தில் பழனிச்சாமி, மலையாளப் பதிவேட்டில் பழனிஸ்வாமி, ஆங்கிலத்தில் ஒரு வகை, வங்கியில் இன்னொரு வகை. தகப்பனார் பெயரின் முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் இல்லவே இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் வேறு. தமிழ்நாட்டில் பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பெயர்களை யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும் என்பது கணினியில் தமிழ் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் கடைக்கு வரும் விவசாயி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாட்டுக் கொட்டகை கட்டக் கடன் கேட்டுப் போனார். கணினி வரைபடத்தில் அவர் தோட்டம் இருக்கிறது, கிணறுகூடத் தெரிகிறது, பரப்பும் சரி. தொட்டால் விவரம் ஒன்றும் வரவில்லை. பெயரை வைத்துத் தேடினால் அதே பெயரில் மூன்று பேர், மூன்று பேருக்கும் முன்னெழுத்து வேறு. "நிலம் இருக்கு, நான் இருக்கேன், ரெண்டுக்கும் நடுவுல என்னவோ இல்லைங்கறாங்க" என்று கடை வாசலில் உட்கார்ந்து சொன்னார். கடைசியில் அவர் தகப்பனார் காலத்தில் கரம் கட்டின ரசீது ஒன்று தகரப் பெட்டியிலிருந்து கிடைத்தது. அதில் இருந்த பழைய சர்வே எண்ணை வைத்துத்தான் கண்ணியைத் திரும்பக் கோத்தார்கள். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

அறாமல் காப்பது எப்படி?

மருமகப்பிள்ளை சொல்லிக்கொடுத்த முறையை வரிசையாகத் தருகிறேன். வரைபட வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது உதவலாம்.

1. மாற்றுவதற்கு முன்பே, படத்தில் எத்தனை உருவம், எத்தனையில் கண்ணி இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று பட்டியல் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். சரக்கு வண்டியில் ஏற்றும்போது மூட்டையை எண்ணுகிற மாதிரி.

2. மாற்றும்போது என்டிட்டி எண்ணையும் எம்எஸ்லிங்க் எண்ணையும் ஜி.ஐ.எஸ். அட்டவணையில் இரண்டு பத்திகளாகக் கொண்டுவர வேண்டும். மென்பொருள் தானாகக் கொண்டுவரும் என்று இருக்கக் கூடாது. அதற்கென்று உள்ள தேர்வைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

3. எண்களை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைக்க வேண்டும். அப்போதுதான் 12/3 தேதியாகாது, 007 தேயாது.

4. மாற்றிய பிறகு இரு பக்கமும் சரிபார்க்க வேண்டும். கணக்கு இல்லாத நிலம் எத்தனை, நிலம் இல்லாத கணக்கு எத்தனை, ஒரே கணக்குக்கு இரண்டு நிலம் எங்கே என்று மூன்று கேள்வி. ஐந்தொகை எடுத்துப் பற்றும் வரவும் நேராகிறதா என்று பார்ப்பதற்குச் சமம்.

5. கணக்கில் உள்ள பரப்பையும் படத்திலிருந்து கணினி கணக்கிட்ட பரப்பையும் ஒப்பிட வேண்டும். சிறு வித்தியாசம் அளவைப் பிழையாக இருக்கலாம். 20 சென்ட் நிலம் 2 ஏக்கராகத் தெரிந்தால் கண்ணி மாறிப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

6. பழைய எண்ணை ஒருபோதும் அழிக்கக் கூடாது. புது எண் வந்தாலும் பழைய எண்ணுக்கு ஒரு பத்தி நிரந்தரமாக இருக்க வேண்டும். 45/2 பிரிந்து இரண்டாகும்போது, தாய் எண் எது என்பதும் பிள்ளைகளோடு போக வேண்டும்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதற்கு முந்திய பத்திரம் வைத்திருப்பவர்கள் பழைய எண், புதிய எண் இரண்டையும் பொருத்திக் காட்ட வேண்டிவரும் சங்கடத்தை அறிவார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கண்ணி கூடுகிறது. நடுவில் ஒன்று போனாலும் சங்கிலி இரண்டாகிவிடும்.

இப்போது நடப்பது

தமிழ்நாட்டில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்ற மென்பொருளில் புலப்படங்களைக் கணினியில் ஏற்றி, நிலப் பதிவேட்டோடு சேர்க்கும் வேலை நடந்து வருகிறது. கேரளத்தில் 'என்றெ பூமி' என்ற டிஜிட்டல் சர்வே 2022 நவம்பர் 1-இல் தொடங்கியது. பதிவுத்துறையின் 'பேர்ள்', வருவாய்த்துறையின் 'ரெலிஸ்', சர்வேத்துறையின் 'இ-மேப்ஸ்' ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைக்கும் இணையதளம் 2024 அக்டோபர் 22-இல் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று துறை, மூன்று பேரேடு. இவற்றைக் கோப்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். நடுவண் அரசும் நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் 14 இலக்கத் தனி அடையாளக் குறியீடு ஒன்றை 2021 முதல் கொண்டுவந்திருக்கிறது. அது நிலத்தின் இருப்பிட அளவுகளை ஒட்டி அமைகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நிலம் பிரிந்தால் துண்டு மாறும், குறியீடும் மாறும். ஆக, பழைய எண்ணைக் காக்கிற வேலை அப்போதும் இருக்கத்தான் செய்யும்.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது

வேலைக்காகத் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று பிள்ளைகள் போய்விட, ஊரில் தாத்தா பாட்டி மட்டும் இருக்கிற வீடுகள் நம்மில் அதிகம். அளக்க வருகிற அன்று நிலத்தைக் காட்ட ஆள் இருப்பதில்லை. கேரள சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் 1961-இன்படி, அளந்த பிறகு 9(2) பிரிவில் ஓர் அறிவிப்பு வரும். அதில் உங்கள் நிலத்தின் எல்லையும் பரப்பும் பெயரும் பார்க்கக் கிடைக்கும். ஆட்சேபணை இருந்தால் அப்போதே எழுத்தில் சொல்லியாக வேண்டும். 13-ஆம் பிரிவு அறிவிப்பு வந்துவிட்டால் சர்வே முடிந்ததாக ஆகிவிடும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு தாள் எழுதி வையுங்கள். கிராமம், பிளாக், பழைய சர்வே எண், மறு சர்வே எண், உட்பிரிவு, தண்டப்பேர் அல்லது பட்டா எண், ஆதாரம் பதிவான ஆண்டும் எண்ணும், பரப்பு. பரப்பை ஏக்கர், சென்ட்டிலும் எழுதுங்கள், ஆர் கணக்கிலும் எழுதுங்கள்; ஒரு ஆர் ஏறத்தாழ 2.47 சென்ட். பெயர் எந்தெந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அப்படியே குறியுங்கள். பழைய கர ரசீதுகளைக் கிழித்தெறிய வேண்டாம். இணையதளத்தில் உங்கள் நிலத்தைத் திறந்து, படத்தில் தெரிகிற நிலமும் பக்கத்தில் தெரிகிற எண்ணும் இந்தத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். படம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து இதை எழுதிவிடலாம். அரை நாள் வேலைதான். எந்த வரப்பு யாரோடு பொது, எந்தக் கல் எங்கே நட்டது என்பது அவர்கள் மனதில் இருக்கிறது. எந்தக் கணினியிலும் இன்னும் ஏறாத கணக்கு அது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.